குட்டி ஈனாத நாய்: குற்றவாளி எந்தக் கிருமி?

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் ஒரு சீட்டுடன் என்னிடம் வந்தான். கால்நடை மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்று கொடுத்த சீட்டு அது. அவனுடைய தந்தை சிப்பிப்பாறை நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்பவர். நல்ல வளர்த்தியான பெட்டை ஒன்றை இரண்டு பருவங்களில் ஒரே கடுவனுடன் இணை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. பெட்டையின் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த நீரில் 'ஈ.கோலை, ஸ்டிரெப்டோகாக்கஸ் வளர்ந்தன' என்று சீட்டு கூறியது.

"சார், மூன்று முறை ஆன்டிபயாட்டிக் போட்டாகிவிட்டது. கிருமி போகவே மாட்டேன் என்கிறது. பெட்டை மலடு என்று சொல்லி அப்பா விற்கப் போகிறார்" என்றான் அவன்.

இயற்பியல் ஆசிரியனுக்கும் நாயின் கருப்பைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நேரடித் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு தவறாக வந்தால் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு. "கருவி காட்டுவது உண்மையான அளவா, அல்லது எப்போதும் இருக்கும் சுழிப்பிழையா?" அந்தக் கேள்வியையே அவனிடமும் கேட்டேன். "குட்டி ஈன்ற நல்ல பெட்டைகளைத் துடைத்துப் பார்த்தால் அங்கே கிருமி இராதா?"

அவனுக்கு விடை தெரியவில்லை. விடையைத் தேடியபோது நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல

நம் வாயிலும் குடலிலும் தோலிலும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாயின் பிறப்புப் பாதையும் அப்படித்தான். நோயில்லாத, ஒழுங்காகக் குட்டி ஈனும் பெட்டைகளைச் சோதித்தாலும் ஈ.கோலை, ஸ்டிரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், பாஸ்டுரெல்லா, மைக்கோபிளாஸ்மா ஆகியவற்றுள் சில கிடைக்கும். ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெட்டைகளை நெடுநாள் தொடர்ந்து சோதித்து 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆகவே, 'பாக்டீரியா வளர்ந்தது' என்ற சீட்டு மட்டும் மலட்டுத்தன்மைக்குச் சான்று ஆகாது.

இதில் இன்னொரு கேடும் உண்டு. காரணமின்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், மருந்துக்குப் பணிந்துபோகும் கிருமிகள் மடிகின்றன. பணியாதவை தங்கிவிடுகின்றன. போட்டி குறைந்த இடத்தில் அவை செழித்துப் பெருகுகின்றன. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, உண்மையான நோய் வரும்போது மருந்து வேலை செய்யாத நிலையை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

அப்படியானால் இந்தப் பாக்டீரியாக்கள் ஒருபோதும் தீங்கு செய்வதில்லையா? செய்வதுண்டு. பருவம் முடிந்த சில வாரங்களில், புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் ஆட்சியில் கருப்பையின் உட்சுவர் தடித்திருக்கும்போது, ஈ.கோலை மேலேறிக் கருப்பைக்குள் புகுந்தால் அங்கே சீழ் கட்டிவிடும். 'பயோமெட்ரா' எனப்படும் இந்த நோய் உயிருக்கே ஆபத்தானது. அப்போது நாய் சோர்ந்து கிடக்கும், மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும், உணவை வெறுக்கும். வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது அமைதியாக இருப்பவன் பூட்டிய அறைக்குள் புகுந்தால் திருடனாகிறான் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கிருமியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த இடத்தில் இருக்கிறது, உடல் என்ன அறிகுறி காட்டுகிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு கிருமி இந்த விதிக்கு விலக்கு. அது எந்த நாயில் இருந்தாலும் குற்றவாளியே. வியப்பு என்னவென்றால், வழக்கமான துடைப்புச் சோதனையில் அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. நாயும் நோயுற்றதாகத் தோன்றுவதில்லை.

பீகிள் நாய்களுக்கு நேர்ந்தது

1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், ஆராய்ச்சிக்கூடங்களுக்காகப் பீகிள் இன நாய்களைப் பெருமளவில் வளர்த்து வந்த பண்ணைகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பெட்டைகள் நன்றாக உண்டன; ஓடின; காய்ச்சல் இல்லை. ஆனால் 45 முதல் 55 நாட்களுக்குள் திடீரென்று கரு கலைந்தது. சில பெட்டைகள் சினையே பிடிக்கவில்லை. கடுவன்கள் சிலவற்றின் விரைகள் சுருங்கிப் போயின.

நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய லீலண்ட் கார்மைக்கேல் என்ற அறிஞர், கலைந்த கருக்களிலிருந்து ஒரு நுண்ணிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 200 பீகிள் நாய்களின் கருச்சிதைவைப் பற்றிய அவருடைய அறிக்கை 1966-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்தக் கிருமிக்குப் 'புருசெல்லா கேனிஸ்' என்று பெயர் அமைந்தது. 'கேனிஸ்' என்றால் இலத்தீன் மொழியில் நாய்.

'புருசெல்லா' என்ற முதற்பெயருக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விடாக்காய்ச்சல் வாட்டியது. 1887-ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்தவர்களின் மண்ணீரலில் அதன் கிருமியைக் கண்டார். 1905-ஆம் ஆண்டில் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்ற மால்ட்டா மருத்துவர், அது வெள்ளாடுகளிடமிருந்து வருவதைக் காட்டினார். பார்வைக்கு நலமாக இருந்த ஆடுகள்தாம் பாலின் வழியே நோயைப் பரப்பின! இதற்கிடையே 1897-ஆம் ஆண்டில், பசுக்களின் கருச்சிதைவுக்குக் காரணமான கிருமியை டென்மார்க்கின் பெர்ன்ஹார்டு பாங் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் நெருங்கிய உறவினர் என்பதை 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆலிஸ் எவான்ஸ் எடுத்துரைத்தார். முதலில் பலர் அதை நம்பவில்லை. பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது. புரூஸின் நினைவாகவே இந்தக் குடும்பத்துக்குப் புருசெல்லா என்ற பெயர் வந்தது. நாயைத் தாக்கும் கிருமி இந்தக் குடும்பத்தில் பின்னாளில் அறியப்பட்ட ஓர் உறுப்பினர்.

உடலுக்குள் நடப்பது என்ன?

கலைந்த கருவிலும், அதன் பின் வாரக்கணக்கில் வடியும் நீரிலும் இக்கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து நக்கும் இயல்புடையவை. வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளின் வழியே கிருமி உடலுக்குள் நுழைகிறது. இணை சேரும்போதும் நுழைகிறது. கடுவனின் சிறுநீரிலும் அது வெளிவருகிறது.

உள்ளே வந்த கிருமியை வெள்ளையணுக்கள் விழுங்குகின்றன. மற்றக் கிருமிகளாக இருந்தால் கதை அங்கே முடிந்துவிடும். புருசெல்லாவோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிர் வாழ்ந்து பெருகும் ஆற்றல் பெற்றது. காவலரின் வண்டியிலேயே ஏறி ஊர் சுற்றும் திருடனைப் போல, அது வெள்ளையணுக்களின் வழியே நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் செல்கிறது. சில வாரங்களில் இரத்தத்தில் கலக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், இரத்தத்தில் விட்டு விட்டுத் தோன்றும். இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் காய்ச்சல் இருப்பதில்லை. இதுதான் இந்நோயின் சூது.

சினையுற்ற பெட்டையில் கிருமி நஞ்சுக்கொடியின் அணுக்களில் பெருகி, கருவுக்குச் செல்லும் உணவையும் உயிர்வளியையும் கெடுக்கிறது. கரு கலைகிறது. சில வேளைகளில் கரு மிக இளம் பருவத்திலேயே மடிந்து உடலில் கரைந்துவிடும். அப்போது வெளியே எதுவும் தெரியாது. 'சினை பிடிக்கவில்லை' என்றுதான் வளர்ப்பவர் நினைப்பார். அதே பெட்டை அடுத்த முறை உயிருள்ள குட்டிகளை ஈனவும் கூடும். 'நோய் போய்விட்டது' என்று மகிழ்வோம். ஆனால் அந்தக் குட்டிகளே கிருமியைச் சுமந்து வேறு வீடுகளுக்குப் போகலாம்.

கடுவனில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற குழலிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் கிருமி குடியேறுகிறது. அங்கே வீக்கம் உண்டாகும்போது விந்தணுக்கள் கசிந்து இரத்தத்தின் காவலர்களுக்குத் தட்டுப்படுகின்றன. உடல் தன் சொந்த விந்தணுக்களையே அயலார் என்று கருதி எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. தொற்றிய ஐந்தாவது வார அளவிலேயே வடிவம் கெட்ட விந்தணுக்கள் தோன்றத் தொடங்குகின்றன. வால் வளைந்தவையும், தலையோடு தலை ஒட்டிக் கொத்தாகத் திரள்பவையும் நுண்ணோக்கியில் தெரியும். நாளடைவில் விரைகள் சுருங்குகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடுவன் துள்ளி விளையாடும். ஆர்வத்தோடு இணை சேரும். நல்ல இனக் கடுவன் ஒன்று பல ஊர்ப் பெட்டைகளுக்குக் கொண்டு செல்லப்படுவது வழக்கம். ஒரு பெட்டை நோயுற்றால் அதன் ஈற்றுகள் கெடும். ஒரு கடுவன் நோயுற்றால் அது போன ஊர்களெல்லாம் கெடும். ஆனாலும் பழி யார் மீது விழுகிறது? பெரும்பாலும் பெட்டையின் மீதுதான்!

துகள் திரளும் சோதனை

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கள்வனை எப்படிப் பிடிப்பது? அவன் விட்டுச் சென்ற தடயத்தைக் கொண்டுதான். நோயுற்ற நாயின் இரத்தத்தில் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும். இவை ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் கொண்ட மூலக்கூறுகள். ஒரு கை ஒரு பாக்டீரியாவையும் மற்றொரு கை வேறொரு பாக்டீரியாவையும் பற்றினால் பல பாக்டீரியாக்கள் ஒன்றாகத் திரளும். கண்ணாடிச் சில்லின் மீது நிறமூட்டிய செத்த பாக்டீரியாக்களை வைத்து, நாயின் இரத்தத் தெளிநீரைச் சேர்த்து அசைத்தால், சில நிமிடங்களில் துகள்கள் திரண்டு கண்ணுக்குப் புலப்படும். எளிய, விரைவான சோதனை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பசு, ஆடு ஆகியவற்றைத் தாக்கும் புருசெல்லாக்களின் மேற்பரப்பில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. நாயின் புருசெல்லாவில் அவை இல்லை. ஆகவே பசுக்களுக்கும் மனிதர்களுக்கும் வழக்கமாகச் செய்யும் புருசெல்லா சோதனை நாயின் தொற்றைக் காட்டாது! அதனால் நாய்ச் சோதனைக்கு, இதே போல் சங்கிலி இல்லாத, செம்மறியாட்டைத் தாக்கும் புருசெல்லா ஓவிஸ் என்ற கிருமியைப் பயன்படுத்தினார்கள். 'புருசெல்லா சோதனை செய்துவிட்டோம்' என்று யாரேனும் சொன்னால், எந்தச் சோதனை என்று கேட்பது நல்லது.

ஒரு சிறு கணக்கு

இந்தச் சில்லுச் சோதனை நோயுற்ற நாயைத் தவறவிடுவது குறைவு. ஆனால் நோயற்ற நாயையும் சில வேளைகளில் நோயுற்றதாகக் காட்டிவிடும். வேறு சில பாக்டீரியாக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இதில் துகள்களைத் திரட்டும் என்பதே காரணம். இதன் விளைவை ஒரு கணக்கால் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

1000 நாய்களில் 20 நோயுற்றவை என்க. சோதனை அந்த 20-இல் 19-ஐப் பிடிக்கிறது. மீதியுள்ள 980 நல்ல நாய்களில் பத்தில் ஒன்றைத் தவறாகக் குற்றம் சாட்டுகிறது, அதாவது 98. ஆக மொத்தம் 117 நாய்கள் 'நோய் உண்டு' என்ற முடிவைப் பெறும். அவற்றுள் உண்மையில் நோயுற்றவை 19 மட்டுமே. ஏறத்தாழ ஆறில் ஒன்று! மறுபுறம், 'நோய் இல்லை' என்று வந்த 883 நாய்களில் தவறிப்போனது ஒன்றே ஒன்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? 'இல்லை' என்ற விடையைப் பெரும்பாலும் நம்பலாம். 'உண்டு' என்ற விடை, மேலும் விசாரிக்க வேண்டும் என்ற அழைப்பு மட்டுமே. முதற் சோதனையைக் கண்டு அஞ்சி நாயைக் கொன்றுவிட்டால், ஆறில் ஐந்து முறை நல்ல நாயைக் கொன்றிருப்போம்.

ஆகவே இரண்டாம் கட்டச் சோதனைகள் உள்ளன. 2-மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து மீண்டும் பார்ப்பது ஒரு முறை. தவறான திரட்சியை உண்டாக்குவது பெரும்பாலும் ஐந்து அலகுகள் இணைந்த ஒரு பெரிய எதிர்ப்பொருள். அதன் கந்தகப் பிணைப்புகளை இந்த வேதிப்பொருள் அறுத்துவிடுகிறது. பிறகும் துகள்கள் திரண்டால் ஐயம் வலுக்கும். இரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்தெடுப்பது உறுதியான சான்று. ஆனால் கிருமி விட்டு விட்டுத் தோன்றுவதால், வளராவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். முறையும் இன்று உண்டு.

காலமும் முக்கியம். தொற்றிய உடனே எதிர்ப்பொருள் உருவாவதில்லை. சோதனையில் தெரியும் அளவுக்கு அது பெருக 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். நேற்றுத் தொற்றிய நாய் இன்று 'நோயில்லை' என்ற சீட்டைப் பெற்றுவிடும். ஒரே ஒரு சோதனை போதாது என்பது இதனால்தான்.

மருந்து உண்டா?

கிருமி அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை வேறொரு ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் பல வாரங்கள் கொடுப்பார்கள். இரத்தம் தூய்மையாகிவிட்டதாகத் தோன்றும். மருந்தை நிறுத்திய சில மாதங்களில் நோய் திரும்புவது அரிதன்று. நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஆகவே, தொற்று உறுதியான நாயை இனப்பெருக்கத்திலிருந்து நிரந்தரமாக விலக்கியாக வேண்டும். கருத்தடை அறுவை செய்து, மருந்து கொடுத்து, தனியாக வைத்து, அவ்வப்போது சோதித்து வளர்க்கச் சிலர் முன்வருகிறார்கள். பெரிய பண்ணைகளில் அத்தகைய நாய்களைக் கருணைக் கொலை செய்வதும் நடக்கிறது. நாயை நேசிப்பவருக்கு இது மிகக் கடினமான முடிவு. வருமுன் காப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

மனிதருக்கும் இது தொற்றலாம். பரவலாகக் காணப்படுவதில்லை என்றாலும், காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என்று நெடுநாள் வாட்டக்கூடும். கலைந்த கருவையும் ஈற்று நீரையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை அணிய வேண்டும். அந்த இடத்தைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் அந்தப் பக்கம் போகாதிருப்பது நலம். நாய் வளர்ப்பவருக்கு விடாக்காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை

இணை சேர்க்கும் முன் பெட்டை, கடுவன் இரண்டையும் சோதிக்க வேண்டும். புதிதாக வாங்கிய நாயை 8 முதல் 12 வாரங்கள் தனியே வைத்து, இருமுறை சோதித்த பிறகே மற்ற நாய்களோடு விட வேண்டும். கரு கலைந்தால் 'சூடு பிடித்துவிட்டது', 'கண்பட்டுவிட்டது' என்று விட்டுவிடாமல், கலைந்த கருவைப் பத்திரமாகக் கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பண்ணையில் ஒரு நாய்க்கு நோய் உறுதியானால் மாதந்தோறும் எல்லா நாய்களையும் சோதித்து, நோயுற்றவற்றைப் பிரித்து, தொடர்ந்து மூன்று முறை எல்லாமே 'இல்லை' என்று வரும்வரை இணை சேர்ப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். செயற்கை முறைக் கருவூட்டல் செய்தாலும் கடுவனுக்குச் சோதனை தேவை. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜன் விந்தணுவைக் காப்பது போலவே பாக்டீரியாவையும் காத்து வைக்கும்!

இனி என் மாணவனின் நாய்க்கு வருவோம். "கடுவனைச் சோதித்தீர்களா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு நாய்களின் இரத்தமும் சோதனைக்குப் போயின. இரண்டிலும் புருசெல்லா இல்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தார்கள். அப்போதும் இல்லை. கடுவனின் விந்தணுக்களும் குறையின்றி இருந்தன.

பிறகு மருத்துவர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்: "எந்த நாளில் இணை சேர்த்தீர்கள்?" இரத்தக் கசிவு தொடங்கிய 9-ஆம் நாள் என்பது அந்த வீட்டு வழக்கம். பெட்டைகள் எல்லாம் ஒரே நாட்காட்டியைப் பார்த்துக் கருமுட்டையை வெளியிடுவதில்லை. நாயின் கருமுட்டை வெளிவந்த பிறகும் முதிர்ச்சியடைய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். சினை பிடிக்காததற்கு மிகப் பொதுவான காரணம் கிருமியே அல்ல, நாள் தவறுவதுதான். அடுத்த பருவத்தில் புரொஜெஸ்டிரோன் அளவைப் பார்த்து, மிகவும் தள்ளிப்போய் 16-ஆம் நாள் இணை சேர்த்தார்கள். 'மலடு' என்று விற்கப்பட இருந்த அந்தப் பெட்டை ஐந்து குட்டிகளை ஈன்றது.

மூன்று முறை போட்ட ஆன்டிபயாட்டிக் எந்த நோய்க்கு? இல்லாத நோய்க்கு! இருந்திருக்கக்கூடிய நோயை யாரும் தேடவே இல்லை. அந்தக் கடுவனிடம் புருசெல்லா இருந்திருந்தால், பெட்டையை விற்ற பிறகும் அது ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

கிடைத்த கிருமி எல்லாம் குற்றவாளி அல்ல. குற்றவாளிக் கிருமி எளிதில் கிடைப்பதும் இல்லை. சரியான கேள்வியைக் கேட்டு, சரியான சோதனையை, சரியான காலத்தில், இருபாலையும் வைத்துச் செய்தால்தான் உண்மை வெளிப்படும். உங்கள் ஊரிலும் 'மலடு' என்று பெயர் சூட்டப்பட்ட பெட்டை ஒன்று இருக்கக்கூடும். அதன் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கடுவனைச் சோதித்தீர்களா?"